எட்டாம் வகுப்பில் நாம் பேசாமல் இருந்தது

போன மாதம் நம் வகுப்புத் தோழிகளின் வாட்ஸப் குழுவில் நான் போட்ட கேள்விக்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. பேத்தி நடனமாடும் படத்தைப் போட்டால்கூட ஏழெட்டுக் கைதட்டலோடு நின்றுவிடும். இதற்கு இரண்டு நாள் விடாமல் வந்துகொண்டே இருந்தது. கேள்வி இவ்வளவுதான்: "எட்டாம் வகுப்புல அந்தத் தரங்கம்பாடிப் பொண்ணோட நாம ஏன் பேசாம இருந்தோம்? யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

திடீரென்று கேட்டதற்குக் காரணம் உண்டு. நம் பள்ளியின் இப்போதைய தலைமையாசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். பிள்ளைகளுக்குள் சீண்டுவதும் ஒதுக்கிவைப்பதும் கூடிவிட்டதாம். செல்போன் வந்த பிறகு அது பள்ளி வாசலோடு நிற்காமல் வீடு வரைக்கும் போகிறதாம். அதற்காக ஒரு கூட்டம் வைக்கிறார்கள். "நாங்க சொன்னா பாடம் நடத்துற மாதிரி ஆயிடுதும்மா. பழைய ஸ்டூடண்ட்ஸ் யாராவது வந்து, உங்க காலத்துல எப்படி இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா காது கொடுத்துக் கேப்பாங்க" என்றார். எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏதுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வாக்கியம் பாதிக்கு மேல் வரவில்லை. தரங்கம்பாடிப் பெண்ணின் முகம் குறுக்கே வந்துவிட்டது.

உங்கள் பதில்களை ஒரு தாளில் எழுதி வைத்தேன். முப்பது வருஷம் மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு மேல் குனிந்து கிடந்தவள் நான், எதையும் எழுதிவைத்துத்தான் பார்ப்பேன். ஒருத்தி எழுதினாள்: "அவ நம்ம லீடரை மாட்டிவிட்டா, அதான்." இன்னொருத்தி: "அவ சாப்பாட்டு டப்பாவுல கருவாட்டு வாசம் வரும்." சிங்கப்பூரில் இருப்பவள்: "அவளுக்கு நம்மகூடப் பேசப் பிடிக்கலைன்னுல்ல நினைச்சேன்." தபால்காரர் மகள் சிரிக்கும் பொம்மையோடு ஒரேயடியாக மறுத்துவிட்டாள்: "நாம யாரையும் அப்படிச் செய்யலையே! நீ வேற ஏதோ ஸ்கூலோட குழப்பிக்கிற." அரிசி ஆலைக்காரர் மகள் என் கேள்வியைப் படித்திருந்தாள். பதில் போடவில்லை.

யார் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. நம்மில் நாலைந்து பேரின் பேத்திகள் அதே பள்ளியில் படிக்கிறார்கள். நான் எழுதும் இந்தத் தாள்கள் அங்கேயும் சுற்றும்போது அந்தக் குழந்தைகளுக்குச் சங்கடம் வேண்டாம்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் நேரத்தோடு வந்துவிட்டது. பள்ளிக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக நகர்ந்து வந்ததை ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தோமே, அந்த வாரம்தான் அவள் சேர்ந்தாள். அவள் அப்பா லுத்தரன் கிறிஸ்தவ சபையில் உபதேசியார். நம் ஊரின் சின்ன வேதக் கோவிலுக்கு மாற்றலாகி வந்திருந்தார். நெடுநெடுவென்று உயரம், எண்ணெய் வழியாத தலை, ரப்பர் செருப்பு. முதல் நாளே ஜன்னல் பக்கம் மூக்கை உயர்த்தி, "இன்னைக்குக் கச்சான் காத்து" என்றாள். காற்றுக்குப் பெயர் உண்டு என்பதே நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்த காற்றெல்லாம் ஆலைப் பக்கமிருந்து வரும், நெல் அவிக்கும் வாசத்தோடு. ஆலைக்காரர் மகள்தான் நம் வகுப்புத் தலைவி. அந்த வாசமே அவளுக்குச் சொந்தம் என்பது போல நடந்துகொள்வோம்.

நான் அதுவரை கடல் பார்த்ததில்லை. காலையில் பேருந்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரைக்குப் போய்விடலாம். யாரும் கூட்டிப்போகவில்லை. கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒருத்தி இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தது எனக்கு என்ன பாடுபடுத்தியது தெரியுமா? கேட்க நூறு விஷயம் இருந்தது. பத்து நாளில் மூன்றோ நாலோதான் கேட்டிருப்பேன். அதற்குள் அந்த உலக உருண்டை விழுந்தது.

வகுப்பு டீச்சரின் அலமாரியில் இருந்த உருண்டை. நீலமும் பச்சையுமாக, பித்தளை வளையத்துக்குள் சுற்றும். டீச்சர் இல்லாத நேரத்தில் தொடக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. மதிய இடைவேளையில் ஆலைக்காரர் மகள் அதை எடுத்து, எவ்வளவு வேகமாகச் சுற்றலாம் என்று காட்டினாள். கை வழுக்கிவிட்டது. சிமெண்டுத் தரையில் விழுந்து, ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடல் உள்ளே அமுங்கிப்போனது. நாம் அதைத் துடைத்து, பள்ளம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி அலமாரியில் வைத்தோம்.

பள்ளத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்டார். "தெரியாது டீச்சர்", "பாக்கல டீச்சர்" என்று வரிசையாகச் சொன்னோம். தரங்கம்பாடிக்காரியின் முறை வந்தது.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் டீச்சர். லீடர் கையிலேருந்து வழுக்கிடுச்சு. வேணும்னு போடல டீச்சர்."

அந்தக் கடைசி வாக்கியம் நம்மில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அவள் தலைவிக்காகப் பேசினாள். ஆனால் நம் காதில் முதல் பாதிதான் விழுந்தது. டீச்சர் ஆலைக்காரர் மகளை ஒன்பதாம் வகுப்பு அக்காக்கள் முன்னால் நிறுத்தி, மரஸ்கேலால் உள்ளங்கையில் மூன்று அடி கொடுத்தார். அன்று சாயங்காலம் சைக்கிள் நிறுத்தும் இடத்தில், சிவந்த கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு, ஆலைக்காரர் மகள் சொன்னாள்: "அவகூட யாரும் பேசக்கூடாது." அப்படித்தான் என் ஞாபகம்.

காய் விடுவது நமக்குப் பழக்கம்தான். காலையில் சுண்டு விரல் காட்டிக் காய் விட்டு, மதியம் மாங்காய்க் கீற்றுக்காகப் பழம் விட்டுவிடுவோம். இது அந்த மாதிரி இல்லை. சண்டை போட்டு விட்ட காய்க்கு, எதிரில் இருப்பவளுக்கும் ஒரு விரல் உண்டு. இவளுக்கு அதுவும் இல்லை. என்ன நடக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவே இல்லை.

முதல் சில நாள் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "கணக்கு எத்தனாவது பக்கம்?" என்பாள். பக்கத்தில் இருப்பவள் ஜன்னலைப் பார்ப்பாள். "தண்ணிப் பானைகிட்ட யாராவது வரீங்களா?" என்பாள். நாம் புத்தகத்தைப் புரட்டுவோம். கோ-கோ விளையாட்டில் அவள் முதுகைத் தொட்டு எழுப்ப வேண்டிய இடத்தில் அடுத்தவளைத் தொடுவோம். அவள் உட்கார்ந்தபடியே இருப்பாள். யாரும் அடிக்கவில்லை, கிள்ளவில்லை, பட்டப்பெயர் வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, தபால்காரர் மகளே, நீ அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறாய். காட்டுவதற்கு ஒரு தழும்பு கிடையாதே.

ஒரு வேடிக்கை நடந்தது. அவள் இருக்கும்போது நாம் நமக்குள் பேசினால், அவளும் நடுவில் ஒரு வார்த்தை சேர்ப்பாள். அப்போது பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம். அதனால் அவள் உள்ளே வந்ததும் மொத்த வகுப்பும் வாயை மூடிக்கொள்ளும். டீச்சர் வெளியே போனாலும் சத்தம் இருக்காது. பக்கத்து வகுப்புகள் சந்தைக்கடை மாதிரி இரையும். நம் வகுப்பில் மின்விசிறியின் முனகல் மட்டும். தலைமையாசிரியையான பெரிய டீச்சர் வராந்தாவில் போகிறபோதெல்லாம் நின்று பார்த்தார். ஒரு நாள் காலை வழிபாட்டில் அழகான கையெழுத்து நோட்டைக் காட்டுவது போல நம்மை எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார். "எட்டாம் வகுப்பைப் பாருங்க. ஒழுக்கம்னா அது." ஒழுக்கத்துக்கான ஷீல்டு நமக்கு வந்தது. கரும்பலகைக்கு மேலே, வார்னிஷ் வாசம் போகாமல், பித்தளைத் தகட்டோடு தொங்கியது. அதை மாட்ட நாற்காலி மேல் ஏற உயரமான பிள்ளை வேண்டும் என்று டீச்சர் தேடினார். அவளைத்தான் ஏற்றினார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இது உங்களில் யாருக்கும் தெரியாது.

பூகோள நோட்டுகளைச் சேகரித்து ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோவதும் திருப்பிக் கொண்டுவருவதும் என் வேலை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். வாய்க்கால் பொங்கி, விளையாட்டுத் திடல் முழுக்கத் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது ஒரு கேள்வி வந்தது, அடக்க முடியவில்லை. வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று, அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதினேன்: "கடலுக்கு அக்கரை தெரியுமா?" பேசக்கூடாது என்றுதானே பேச்சு, எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே ஒரு சமாதானம். நோட்டுகள் பெஞ்சுக்குப் பெஞ்சு கை மாறித்தான் அவளிடம் போகும், எழுதியது யார் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

அடுத்த முறை நோட்டு வந்தபோது அதன் கீழே பதில் இருந்தது. "தெரியாது. சாயங்காலம் மேகம் அக்கரை மாதிரி நிற்கும். சின்னப் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்."

மூன்று முறை படித்தேன். அழித்துவிட்டு அடுத்ததை எழுதினேன். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் தண்ணீர் உப்பாக இருக்குமா? "மேலே வாய் வைத்தால் ஆறு. கையை ஆழமாக விட்டு நக்கினால் கடல்." மீன் தூங்குமா? "கண் மூடாது. அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை." தரங்கம்பாடிக் கோட்டைக்குள் என்ன இருக்கிறது? "வௌவால் நாற்றம்." அதைப் படித்துவிட்டு ஆசிரியர் அறை வாசலில் நான் தனியாகச் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்ட டீச்சருக்கு ஏதோ பொய் சொன்னேன்.

இப்படி ஏழெட்டு வாரம் ஓடியது. வகுப்பில் அவளைக் கடந்து போவேன், ஜன்னலைப் பார்ப்பேன். நோட்டில் கேள்வி கேட்பேன். அவள்மேல் இரக்கப்பட்டு எழுதினேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு முறைகூட அவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கடலைப் பற்றி.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் வந்த நோட்டில், என் கேள்விக்குப் பதில் இல்லை. அந்த இடத்தில் அவள் எழுதியிருந்தாள்: "நீ யார்? ஒரே ஒரு தடவை வாயால் கேளேன்."

நான் அதை அழித்தேன். தாள் தேய்ந்து மறுபக்கம் தெரிகிற அளவுக்கு அழித்தேன். அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முதல் நாள் அவள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் அச்சு முறுக்கு கொண்டுவந்தாள். டீச்சர் இரண்டு எடுத்துக்கொண்டு, "எல்லாருக்கும் குடும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவள் டின்னை முதல் பெஞ்சில் கொடுத்தாள். முதல் பெஞ்சு இரண்டாவது பெஞ்சுக்குக் கொடுத்தது. இரண்டாவது மூன்றாவதுக்கு. நாற்பது கை மாறி, நிறைந்த டின் நிறைந்தபடியே அவளிடம் திரும்பி வந்தது. என் கைக்கு வந்தபோது விளிம்பில் ஒரு முறுக்கு உடைந்திருந்தது. பொடி விரலில் ஒட்டியது. யாரும் பார்க்காதபோது நக்கினேன். தேங்காய்ப் பாலும் எள்ளும். டின் சுற்றி வந்த நேரம் முழுக்க அவள் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், யாராவது எடுப்பார்களா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு உறைக்க எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? என் மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோதுதான்.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்தது. டீச்சர் அவளை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார். அவள் புத்தகத்தைப் பிடித்தாள், வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை.

"என்ன, அழுத்தமா? நான் சொல்லி நீ படிக்க மாட்டியா?" என்றார் டீச்சர். பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொன்னார். நின்றாள். தலை கிட்டத்தட்ட ஷீல்டு உயரத்துக்கு இருந்தது.

மறுநாள் அவள் அப்பா வந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் குடை. நான் நோட்டுகளோடு ஆசிரியர் அறை வாசலில் நின்றேன். "வீட்டுலயும் பேச மாட்டேங்குது டீச்சர். தலையைத் தலையை ஆட்டுது. இங்க ஏதாவது நடந்துச்சுங்களா? பிள்ளைங்க யாராவது..." என்று இழுத்தார்.

"ஐயா, இது ஷீல்டு வாங்கின வகுப்புங்க. இந்த மாதிரி தங்கமான பிள்ளைங்களை நான் பாத்ததே இல்ல. தொண்டையில ஏதாவது இருக்கும், தஞ்சாவூர் கூட்டிப் போய்க் காட்டுங்க" என்றார் டீச்சர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு நாம் தங்கம்தான்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வாயைத் திறந்து பார்த்து, டான்சில் வீங்கியிருக்கிறது என்று சொல்லி, அறுவை செய்து எடுத்துவிட்டார். வீங்கித்தான் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் யார் தொண்டையில் டார்ச் அடித்தாலும் அது வீங்கித்தான் தெரியும். பிற்பாடு ஆய்வகத்தில் அறுவை அறையிலிருந்து சதைத் துண்டுகளோடு சின்னச் சின்னப் புட்டிகள் வரும்போதெல்லாம், இந்தத் துண்டுக்கும் அந்தக் குழந்தையின் கஷ்டத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று ஒரு நிமிஷம் யோசிப்பேன். எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். டீச்சர் அவளைத் தோளோடு அணைத்து வகுப்பின் முன்னால் நிறுத்தினார். குரலில் அவ்வளவு பிரியம். "பாவம், பெரிய வைத்தியம் ஆகி வந்திருக்கா. ஒரு வாரத்துக்கு அவ பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதனால யாரும் அவகிட்டப் பேச்சுக் குடுக்காதீங்க. சரியா?"

"சரிங்க டீச்சர்" என்றது வகுப்பு. வழக்கமாகச் சொல்வது போல, ஒரே குரலில்.

அவள் சிரித்தாள். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று டீச்சர் நினைத்தார். கண்ணில் தண்ணீர் வந்ததும் வலிக்கிறது என்று நினைத்தார்.

நான் எழுந்து நின்றது எனக்கே பிறகுதான் தெரிந்தது. "டீச்சர், அவ தொண்டையில ஒண்ணும் இல்ல. நாங்க யாரும் அவகூடப் பேசுறதில்ல. ஆடி மாசத்துலேருந்து."

"என்னடி உளர்றே? உக்காரு."

"நெசமாத்தான் டீச்சர்."

டீச்சர் வகுப்பைப் பார்த்தார். நீங்கள் எல்லாரும் மேஜையைப் பார்த்தீர்கள். யாராவது ஒருத்தி இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாக நம்பியிருப்பார். ஆலைக்காரர் மகள் எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஆமா டீச்சர். நான்தான் சொன்னேன்" என்றாள்.

அடி விழும் என்று காத்திருந்தோம். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். மணி அடித்ததும் எழுந்து போனார். மறுநாள் ஷீல்டு இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

இடைவேளையில் நமக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறு மாதம் பேசாமல் இருந்தவளிடம் முதலில் என்ன பேசுவது? ஆளுக்கு ஒரு பக்கம் நின்றோம். கடைசியில் தபால்காரர் மகள்தான் போய், கழுத்துத் துணியைத் தொட்டு, "வலிக்குதா?" என்று கேட்டாள். தபால்காரர் மகளே, இதையும் நீ மறந்துவிட்டாய் பார்! அவள் இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். ஒருத்தி விட்டுப்போன கணக்கை எழுதிக் கொடுத்தாள். மாசி பாதிக்கு மேல் அவள் குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் அவள் அப்பாவுக்குப் பேராவூரணிப் பக்கம் மாற்றலானது. போய்விட்டாள். பென்சில் கேள்விகள் என்னுடையவை என்று நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு நான் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான். மறுபடி படித்தபோது, கொஞ்சம் கோழையாக இருந்தாலும் எழுந்து நின்ற பெண்ணாக நான் அதில் தெரிந்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. கூட்டத்துக்கு முதல் நாள் காலை ஆலைக்காரர் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏண்டி, குரூப்புல கேட்டியே, பதில் வேணுமா?"

"வேணும்."

"அதுல எழுத முடியல. அன்னைக்கு சைக்கிள் ஸ்டாண்டுல நான் சொன்னது ஞாபகம் இருக்கா உனக்கு?"

"அவகூட யாரும் பேசக்கூடாதுன்னு சொன்ன."

"இன்னைக்கு அவகூட யாரும் பேசக்கூடாதுன்னு சொன்னேன். இன்னைக்குன்னு. மணி நாலரை இருக்கும், வீட்டுக்குப் போறவரைக்கும்தான். கை வலிச்சுது, அழுகையா வந்துச்சு, சொல்லிட்டேன். காலைல எனக்கு அது மறந்தே போச்சுடி."

"அப்புறம் எப்படி...?"

"மறுநாள் ஸ்கூல் வாசல்கிட்ட ஒருத்தி நின்னா. என் பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டுக் கேட்டா, 'இன்னைக்கும் பேசக்கூடாதுதானே?'ன்னு. எல்லாரும் என்னையே பாத்தீங்க. நான் தலையாட்டினேன். அப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியல."

"யாரு கேட்டது?"

"நீதான்டி."

நான் அந்தக் காலையைத் தேடிப் பார்த்தேன். மூன்றாவது காப்பி ஆறும் வரை உட்கார்ந்து தேடினேன். முறுக்குப் பொடியின் ருசி இருக்கிறது, வௌவால் நாற்றம் என்ற எழுத்தின் சாய்வு இருக்கிறது. பள்ளி வாசலும் பையும் அந்தக் கேள்வியும் இல்லை. அவள் பொய் சொல்கிறாள் என்றும் தோன்றவில்லை. பையை வாங்கி மாட்டிக்கொள்கிறவள்தான் நான், அது எனக்குத் தெரியும்.

மறுநாள் கூட்டத்தில் தாளில் இருந்ததைப் படித்தேன். பிறகு தாளை மடித்துவிட்டு, இதையும் சொன்னேன். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இரட்டைப் பின்னல், கையைத் தூக்கினாள்.

"ஏன் பாட்டி அப்படிக் கேட்டீங்க?"

"தெரியலம்மா. அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவள் உட்காரவில்லை. "ஒருவேளை, 'இல்ல, இன்னைக்குப் பேசலாம்'னு அந்த லீடர் சொல்லுவாங்கன்னு நெனச்சுக் கேட்டிருப்பீங்களோ?"

தலைமையாசிரியை தண்ணீர் கொடுத்தார். "அப்படி இருந்தா நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன். "அப்ப அவங்ககிட்டயே கேளுங்க. உங்களை அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். லீடரைச் சொன்னாளா, தரங்கம்பாடிப் பெண்ணைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

இரண்டு பேரிடமும் கேட்பது என்று முடிவு செய்தேன். ஆலைக்காரர் மகளிடம் அன்றே கேட்டேன்: நான் அதை எந்தக் குரலில் கேட்டேன், ஆமாம் என்று சொல்ல வைக்கிற மாதிரியா, இல்லை என்று சொல்லமாட்டாயா என்கிற மாதிரியா? அவள் சிரித்தாள். "ஐம்பது வருஷம் ஆச்சுடி. வார்த்தை ஞாபகம் இருக்கு, ராகம் எப்படி ஞாபகம் இருக்கும்?"

தரங்கம்பாடிப் பெண்ணைச் சிங்கப்பூர்க்காரி தன் சபை ஆட்கள் மூலம் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டாள். மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்று, தரங்கம்பாடியில் அப்பா வீட்டிலேயே இருக்கிறாளாம். எட்டாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் பார்க்க வரலாமா என்று கேட்டனுப்பினோம். "எதுக்காம்?" என்று கேட்டாளாம். பேச வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். இரண்டு நாள் தகவல் இல்லை. நேற்று வந்தது: வியாழக்கிழமை வீட்டில்தான் இருப்பாளாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாகச் சொன்னாளா, சலிப்போடு சொன்னாளா என்று கேட்டதற்கு, நடுவில் இருந்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நானும் ஆலைக்காரர் மகளும் போகிறோம். காலை ஏழு மணிப் பேருந்து, மயிலாடுதுறையில் மாற வேண்டும். வாசலிலேயே போய்விடுங்கள் என்று அவள் சொன்னால் திரும்பி வந்துவிடுவோம், அதற்கும் தயார். உள்ளே கூப்பிட்டால் முதலில் நான்தான் பேசுவேன் என்று ஆலைக்காரர் மகளிடம் சொல்லிவிட்டேன். பேருந்தில் இன்னும் இடம் இருக்கிறது. யார் யார் வருகிறீர்கள்?